அட்டை மறைப்புக்குள்

இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை என்று மூன்றாவது மாதத்திலேயே முடிவு செய்துவிட்டேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய தேர்தல் அது. முதலில் ஒரு வேட்பாளர் செத்துப்போனார், தள்ளி வைத்தார்கள். பிறகு யாரோ வழக்குப் போட்டார், மறுபடியும் தள்ளி வைத்தார்கள். இழுத்து இழுத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. மற்றவர்களுக்கு அது காதுக்கு வந்த தொல்லை. எங்களுக்கு முதுகுக்கு வந்தது. நாங்கள் மேடை கட்டுகிறவர்கள். லாரியிலிருந்து கம்பத்தை இறக்கி, நட்டு, குறுக்குக் கட்டைகளைக் கட்டி, பலகை பரப்பி, துணி போர்த்தி, நாற்காலி போடுவோம். தலைவர் பேசிவிட்டுப் போனதும் எல்லாவற்றையும் பிரித்து, அதே பலகையை அடுத்த தெருவில் அடுத்த கட்சிக்குப் பரப்புவோம். காலையில் துரோகிகளைக் கிழிகிழி என்று கிழித்த மைக், சாயங்காலம் அந்தத் துரோகிகள் கையிலேயே இருக்கும். நடுவில் மைக்செட்காரர் அதை ஒரு தடவை துடைப்பார், அவ்வளவுதான்.

பேச்செல்லாம் எங்களுக்கு மனப்பாடம். எங்கள் கூட்டத்தில் நெட்டையன் என்று ஒருத்தன். மேடைக்குப் பின்னால் பலகை அடுக்கில் உட்கார்ந்துகொண்டு, "இப்பத் தண்ணி குடிப்பாரு பாரு" என்பான். குடிப்பார். "இப்பத் தொண்டை அடைக்கும்" என்பான். அடைக்கும். ஒருநாள் தலைவர் அழுவதற்கு முன்பே இவன் மூக்கை உறிஞ்சிவிட்டான். மேஸ்திரி அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தது முதல் மாதத்தில். பிறகு ஒரு விஷயம் நடந்தது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கம்பமும் குறுக்குக் கட்டையும் சேருகிற இடத்தில் இரண்டு கட்டுப் போட வேண்டும். முதல் கட்டு, கட்டையைப் பிடித்து நிறுத்திவைக்கும். ஆள் பாரத்தைத் தாங்குவது அதற்குக் குறுக்காக வரும் இரண்டாவது கட்டு. கட்டினவன் அதில் முதலில் ஏறமாட்டான். அவன் கண்ணுக்கு அவன் கட்டு எப்போதும் நன்றாகத்தான் தெரியும் என்பதால் வேறொருவன் ஏறி மிதித்துப் பார்ப்பான். கட்டி முடித்தவன் "ஏறு" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வராமல் யாரும் காலை வைப்பதில்லை.

அன்றைக்கு அது நான்காவது மேடை. தலைவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்து, மேஸ்திரி குதித்துக்கொண்டிருந்தார். நான் முதல் கட்டுப் போட்டு முடித்திருந்தேன். இரண்டாவது கட்டுக்கான கயிறு கையில் இருந்தது. மேலே ஏறிப் பார்க்க வேண்டியவன் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. அவன் ஏறிக்கொண்டிருக்கும்போதே சுற்றிவிடலாம் என்று நினைத்து, "ஏறு" என்று சொல்லிவிட்டேன். ஏறினான். நான் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கட்டை புரண்டது. பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து, கீழே குவித்திருந்த இரும்புக் குழாய்கள் மேல் இடுப்பு அடிபட விழுந்தான்.

ஓடிவந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "கால் வழுக்கிடுச்சு" என்று சொன்ன வாய் என்னுடையது. யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு அதுவே நடந்ததாகிவிட்டது. மேஸ்திரி, "கவனம் இல்லாத பய" என்றார். ஆஸ்பத்திரியில் என் மனைவி, "கண்ணை எங்கடா வச்சிருந்தே, பாவி" என்று அவன் தலைமாட்டில் அழுதாள். அவன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றான்.

அதன்பின் நான்கு மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டிலில் கிடந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் நிற்கப் பழகச் சொன்னார் டாக்டர். பழகினால் நடை வரலாமாம். அவன் பழகவில்லை. பேச்சும் மூன்று வார்த்தைதான்: ம், வேணாம், அப்புறம். என் மனைவி சோறு ஊட்டினாள், துணி அலசினாள், நடுநடுவே "ஒரு நிமிஷம் பாத்துக் கால் வச்சிருந்தா இந்தக் கதி வருமா" என்று திட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்லப் பல தடவை வாயைத் திறந்திருக்கிறேன். திறந்த வாய்க்குள் சோற்றைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறேன்.

வேட்பாளர்கள் மூன்று பேர் ஆறுதல் சொல்ல வந்தார்கள். கட்டிலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் கொஞ்சம் விவரமானவர். வாசலில் என் மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, "எந்த மேடையிலம்மா விழுந்தாரு? நம்ம மேடை இல்லையே?" என்று கேட்டார்.

"மேடையில விழலைங்க" என்றாள் இவள். "தரையிலதான் விழுந்தான்."

ஒருவழியாக ஓட்டுப்பதிவு நாளும் வந்தது. ஐந்து மாதத்தில் வேலை இல்லாத முதல் நாள். என் மனைவி காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "நீங்க?" என்றாள். "நான் போட்ட மேடை போதும்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். முன்னறையிலிருந்து குரல் கேட்டது.

"மாமா. நான் ஓட்டுப் போடணும்."

இவள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இந்த வெயில்ல, இடுப்பை வச்சுக்கிட்டா? யாருக்குடா போடப்போறே, உனக்கு என்ன செஞ்சானுங்க?"

"போடணும்" என்றான். "மாமா தூக்கிட்டுப் போவாரு."

அவள் என்னை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது. "நாலு மாசத்துல முதல் தடவையா வேணும்னு ஒண்ணு கேட்டிருக்கான். எப்படியாவது கொண்டுபோங்க. உங்க பூத் சீட்டையும் இவன் சீட்டோட வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க."

மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். நெட்டையனும் மைக்செட்காரரும் அவரோடு வந்தார்கள். கிடங்கிலிருந்து இரண்டு கம்பமும், தலைவர்கள் உட்காருகிற கைவைத்த பெரிய நாற்காலியும் கொண்டுவந்தார்கள். நாற்காலியைக் கம்பங்களோடு சேர்த்துக் கட்டி நாலு பேர் தோளில் தூக்குவது என்று திட்டம். மேஸ்திரி கயிற்றை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"மாமா கட்டட்டும்" என்றான் மைத்துனன்.

"ஏம்ப்பா, நான் கட்டினா அவுந்துருமா?"

"மாமா கட்டட்டும்."

கட்டினேன். அவன் கட்டிலில் சாய்ந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு இடத்திலும் முதல் கட்டு, இரண்டாவது கட்டு. அதன் மேல் மூன்றாவதாக ஒன்று. ஒரு முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டேன்.

"என்னண்ணே, யானையா ஏத்தப்போறோம்?" என்றான் நெட்டையன்.

முடித்து நிமிர்ந்தேன். நான் சொல்ல வேண்டிய வார்த்தைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. "கட்டியாச்சு" என்றேன். மைத்துனன் அசையவில்லை. கடைசியில் மேஸ்திரிதான், "ஏறுப்பா, நேரமாகுது" என்று சொல்லி அவன் தோளைப் பிடித்தார்.

தெருவில் ஒரு மைக் சத்தம் இல்லை. ஐந்து மாதம் கழித்துச் செருப்புச் சத்தம் கேட்டது. நெட்டையன் உயரத்தால் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. "குனிஞ்சு நடடா" என்று மேஸ்திரி கத்த, "குனிஞ்சா என்னைத் தூக்க நாலு பேர் வேணும்" என்றான் அவன். தெருமுனைச் சுவரில் ஒரு சுவரொட்டி. கட்டிலில் கிடக்கும் மைத்துனனும், பக்கத்தில் கை கூப்பிய மூன்றாவது வேட்பாளரும். கீழே கொட்டை எழுத்தில், 'உழைப்பாளியின் கண்ணீர் துடைத்த கரம்.'

மைத்துனன் நிறுத்தச் சொல்லிப் பார்த்தான். "நான் எப்ப அழுதேன்?" என்று கேட்டான். நடந்தோம்.

ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில். ஐந்து மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். நாங்கள் போனபோது நாலே முக்கால். கேட்டுக்குள் காலை வைத்ததும் போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"நில்லு, நில்லு. என்ன இது? கட்சி நிறத்தோட உள்ள வரக் கூடாதுன்னு தெரியாதா?"

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் லத்தியால் காட்டினார். நாற்காலி உறை நீலம். முதுகுக்கு வைத்த திண்டு பச்சை. கம்பங்களில் தோள் உறுத்தாமலிருக்க நாங்கள் சுற்றியிருந்த துணி மஞ்சள். வெளியே மேசை போட்டிருந்த மூன்று கட்சி ஆட்களும் ஒரே நேரத்தில் எழுந்து வந்து மூன்று விதமாகக் கத்தினார்கள். அவரவருக்கு மற்ற இரண்டு நிறம்தான் கண்ணில் பட்டது. ஐந்து மாதமாக இந்தத் துணிகளை விரித்து, மடித்து, மூட்டை கட்டி, அதன் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறோம். அதில் நிறம் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"நீங்க எந்தக் கட்சிய்யா?" என்றார் போலீஸ்காரர்.

"எல்லாக் கட்சியும்தாங்க" என்றார் மேஸ்திரி. "பதினாலு கட்சி."

போலீஸ்காரர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். "பத்து நிமிஷம் இருக்கு. எல்லாத்தையும் உருவிட்டு வாங்க."

மைத்துனனைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உருவினோம். உறையைக் கழற்றினால் உள்ளே வெறும் பலகையும் ஆணித் தலையும். அதன் மேல் விரிக்க என் தோள் துண்டை எடுத்தேன். "அது ஒரு கட்சி குடுத்தது" என்றார் மைக்செட்காரர். சட்டையைக் கழற்றி மடித்துப் போட்டேன். காலை எட்டு மணியிலிருந்து நிற்கிற போலீஸ்காரரும் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மணி ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்குள் இருந்தோம். பின்னால் கேட்டைச் சாத்தினார்கள்.

வகுப்பறைக் கதவு குறுகல். நாற்காலி நுழையவில்லை. மற்ற மூவரையும் வெளியே நிறுத்திவிட்டு, அவனை நான் முதுகில் தூக்கிக்கொண்டு பனியனோடு உள்ளே போனேன். அதிகாரியம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து உட்கார்ந்த களைப்பு முகத்தில் இருந்தது. நடக்க முடியாதவரோடு துணைக்கு ஒருவர் போகலாம், ஆனால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான் தாளை வாங்கி வாசித்தேன். எனக்கு ஒவ்வோர் எழுத்தாகத்தான் போகும்.

"கீழ போடுங்க போதும். யாரும் படிக்கறதில்லை."

"படிச்சுடறேன்ம்மா."

'உடன் செல்லும்போது அறிந்ததை எவரிடமும் வெளிப்படுத்த மாட்டேன்' என்று இருந்தது. அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். எனக்குப் புது வாக்குறுதி இல்லை அது. கையெழுத்துப் போட்டேன்.

ஓட்டுப் போடும் மறைப்பு என்பது பழுப்பு அட்டை. மூன்று பக்கம் நிமிர்த்தி உயரமான மேசை மேல் வைத்திருந்தார்கள். உட்கார்ந்துகொண்டு போட முடியாது. அவன் சொன்னால் துணைக்கு வந்த நானே குறியிட்டுத் தரலாம் என்றார் அதிகாரியம்மா. "நானே போடறேன்" என்றான் மைத்துனன். எனவே அவனைப் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவன் விலா எலும்பு என் கையில் தட்டுப்பட்டது. முன்பு சிமெண்டு மூட்டையைப் போல இருப்பான்.

தாளை விரிக்கும் சத்தம் கேட்டது. தேர்தலில் முப்பத்தொரு பேர் நின்றிருந்தார்கள், தாள் ஒரு தோள் துண்டு நீளம் இருந்தது. முத்திரை குத்தும் சத்தம் வரவில்லை.

"மாப்ளே" என்றேன்.

"திரும்பாதீங்க. இன்னும் போடல."

"திரும்பல." சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். "அன்னைக்கு ரெண்டாவது கட்டு நான் போடல. போடாமலே ஏறுன்னு சொல்லிட்டேன்."

பின்னால் யாரோ பெஞ்சை இழுத்தார்கள்.

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"விழறப்போ பாத்தேன். கயிறு உங்க கையிலதான் இருந்துச்சு."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு கிடந்தேன்." குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நாலு மாசம், மாமா. அக்கா தினமும் என்னைக் கவனம் கெட்டவன்னு திட்டிக்கிட்டே என் அழுக்கை அலசினா. நீங்க பக்கத்துல உக்காந்து குழம்பு ஊத்திக்கிட்டீங்க. வீட்டுல கேட்டா அக்கா காதுல விழும். வெளிய வந்தாலாவது தனியா சொல்வீங்களான்னு பாத்தேன்."

"என்னய்யா உள்ளே பேச்சு?" அதிகாரியம்மாவின் குரல். "ஓட்டுப் போடறீங்களா, சம்பந்தம் பேசறீங்களா?"

"தாள் நீளமா இருக்கும்மா" என்றான் மைத்துனன்.

என் கண்ணீர் அவன் சட்டைத் தோளில் இறங்கியது. அவனுக்குத் தெரிந்திருக்கும். துடைக்கவும் எனக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் அவன் இருந்தான்.

"அக்காகிட்ட சொல்லுங்க" என்றான்.

"சொல்றேன்."

"இன்னைக்கே."

"இன்னைக்கே."

"சரி. இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. நான் தேடற ஆள் உச்சியில இருக்கான்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு தூக்கினேன். முத்திரை குத்தும் சத்தம் வந்தது. தாளை மடித்துப் பெட்டியில் அவனே போட்டான். அவனைப் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

அதிகாரியம்மா என் கையிலிருந்த இன்னொரு சீட்டைப் பார்த்தார். "இது உங்களோடதா? போடப்போறீங்களா இல்லையா? போடலைன்னா நகருங்க, நான் வீட்டுக்குப் போகணும்."

போடுவதில்லை என்று இருந்தவன்தான். அந்த முப்பத்தொரு பேரில் பாதிப் பேருக்கு நான் மேடை கட்டியிருக்கிறேன். அவர்களில் யார் வந்தாலும் பலகை அதே பலகைதான். ஆனாலும் தாளை வாங்கினேன். முகத்தைக் கழுவிக்கொள்ள இடம் இல்லாத நேரத்தில், மூன்று பக்கம் அட்டை வைத்த அந்த இடத்தில் இன்னொரு நிமிஷம் நிற்கக் கிடைத்தது. பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு தாளை மேலிருந்து கீழே முழுதாக வாசித்தேன், ஒருத்தர் பெயரையும் விடவில்லை. குறியிட்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சொன்னால், "போயும் போயும் அவனுக்கா?" என்பீர்கள்.

திரும்பும் வழியில் மேஸ்திரிக்கு இரண்டு போன் வந்தன. வெற்றி விழா மேடைக்கு ஒரே மைதானத்தை, ஒரே தேதிக்கு, இரண்டு கட்சிகள் சொல்லிவைத்தன. இரண்டு பேரிடமும் "செஞ்சுரலாங்க" என்றார். நெட்டையன் சிரித்துச் சிரித்து நாற்காலியை ஆட்டிவிட்டான். மைத்துனன் அவன் தலையில் தட்டினான். என்னோடு அவன் பேசவில்லை. நானும் முன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன். வீட்டுக்கு இன்னும் எத்தனை வீடு என்று எண்ணிக்கொண்டே போனேன்.

அவனைக் கட்டிலில் இறக்கிவிட்டு மூவரும் போனார்கள். என் மனைவி டீ போட்டு வைத்திருந்தாள். அவன் முகத்தை ஒரு தடவை, என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"இவ்வளவு நேரமா? கூட்டமா?"

"கூட்டம் இல்ல."

"சட்டை எங்க?"

"நாற்காலியில இருக்கு. நீ அந்த டம்ளரைக் கீழ வை. உக்காரு."

மைத்துனன் தலையணையை முட்டுக்கொடுத்துக் கொஞ்சம் நிமிர்ந்து சாய்ந்தான்.

"என்ன?" என்றாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "அவன் ஓட்டை நீங்க மாத்திப் போட்டுட்டீங்களா?"

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கலாம் என்று தோன்றியது. காத்திருந்தால் நான் எழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"அன்னைக்கு அவன் கால் வழுக்கல" என்றேன்.